பாப்பாவின் 555 நோட்டு: கார்ட் பந்தயப் பயிற்சியில் ஐந்து வருடம்

பந்திங்கில் எனக்கு ஒரு மோட்டார் பட்டறை இருக்கிறது. மலேசியாவுக்கு வெளியே இருந்து படிப்பவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன், இங்கே மோட்டார் என்றால் மோட்டார் சைக்கிள். ஊரைச் சுற்றிச் செம்பனைத் தோட்டங்கள், செம்பனைக் குலை ஏற்றும் லாரிகள், தோட்டத்துப் பையன்கள் ஓட்டி ஓட்டிக் கெடுத்துக்கொண்டு வரும் மோட்டார்கள். இருபத்திரண்டு வருடமாக என்ஜினைப் பிரித்து மாட்டுகிறேன். அதனால் என் தங்கை மகளை கார்ட், அதாவது தரையை ஒட்டி ஓடும் சின்னப் பந்தய வண்டி, ஓட்டும் பயிற்சியில் சேர்க்கலாமா என்ற பேச்சு வந்தபோது எல்லாரும் என் முகத்தைத்தான் பார்த்தார்கள். "மச்சானுக்குத் தெரியாததா?" என்றார் அவள் அப்பா. தெரியாதது எவ்வளவு என்று அடுத்த ஐந்து வருடத்தில் தெரிந்துபோனது.

வீட்டில் அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவோம். இப்போது 14 வயது, படிவம் 2. ஒன்பது வயதில் ஷா ஆலாமில் வாடகை கார்ட் ஓட்டும் இடத்துக்கு யாரோ ஒருவருடைய பிறந்தநாளுக்குப் போனோம். உயரத்தை அளந்து உள்ளே விட்டார்கள். மற்ற பிள்ளைகள் சிரித்துக்கொண்டே மோதிக்கொண்டு வந்தார்கள். இவள் சிரிக்கவில்லை. இறங்கி வந்து, "மாமா, அந்த ரெண்டாவது திருப்பத்துல எல்லாரும் தப்பா போறாங்க" என்றாள். அங்கே பிடித்தது வினை.

சிப்பாங் பந்தயத் தடம் எங்களுக்கு முக்கால் மணி நேரத் தூரம். 1999இல் திறந்தார்கள். 5.543 கிலோமீட்டர், 15 வளைவுகள். ஃபார்முலா 1 அங்கே அந்த வருடமே வந்து, 2017இல் கடைசியாக ஓடிவிட்டுப் போனது. அதற்கு முன் அந்த நிலமும் செம்பனைக் காடுதான். தடத்தை ஒட்டி கார்ட்டுக்கென்று தனித் தடம் உண்டு. அதனால் நமக்கெல்லாம் இது எட்டாத விஷயம் என்று எங்களுக்குத் தோன்றவில்லை. தூரம் எட்டியது. பணம் எட்டுமா என்று அப்போது யாரும் கேட்கவில்லை.

முதலில் அகாடமி என்ற சொல்லைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில்தான் நாங்கள் வழுக்கினோம். ரெட்புல்லின் இளையோர் அணி 2001இல் தொடங்கியது, ஃபெராரியின் அகாடமி 2009இல். ஃபார்முலா 1 சாம்பியன் லூயிஸ் ஹாமில்டனை மெக்லாரன்-மெர்சிடிஸ் அணி 1998இல் எடுத்துக்கொண்டபோது அவருக்கு வயது 13. அங்கெல்லாம் அவர்கள் பிள்ளையைத் தேர்ந்தெடுத்து, அவர்கள் காசைச் செலவு செய்கிறார்கள். நம் ஊரில் விளம்பரம் போட்டு நம்மை அழைக்கும் அகாடமி, வெளிப்படையாகச் சொன்னால், டியூஷன். நாம் கட்டுகிறோம், அவர்கள் சொல்லிக் கொடுக்கிறார்கள். டியூஷனில் தப்பொன்றும் இல்லை. ஆனால் அங்கே சேர்த்துவிட்டால் யாரோ ஐரோப்பாக்காரர் வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவார் என்று நினைத்துச் சேர்க்கக் கூடாது. நாங்கள் அப்படித்தான் நினைத்தோம். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

நாங்கள் முதலில் போன இடத்தின் பெயர் வேண்டாம். ஆறு நாள் பயிற்சிக்கு மொத்தமாகப் பணம் வாங்கினார்கள். போய்ப் பார்த்தால் ஆறு பிள்ளைகளுக்கு இரண்டு கார்ட். காலை எட்டு மணிக்குப் போய் மாலை ஐந்துக்குத் திரும்பினோம், பாப்பா சக்கரத்தைப் பிடித்தது மொத்தம் நாற்பது நிமிடம். மூன்றாம் நாள் வேறொரு பையன் இவளை இடித்தான். முன் பம்பரும் ஸ்டியரிங் கம்பியும் வளைந்தன, பில் எங்களிடம் வந்தது. கையெழுத்துப் போட்ட தாளில் அது எழுதியிருந்தது என்றார்கள். எழுதித்தான் இருந்தது, பொடி எழுத்தில்.

என் தங்கை பாலர் பள்ளியில் வேலை பார்க்கிறாள். அவள் அன்றைக்கே மளிகைக் கடையில் ஒரு 555 நோட்டு வாங்கினாள். மலேசியத் தமிழர்களுக்கு அதை விளக்க வேண்டாம். கடன் கணக்கு எழுதும், சட்டைப் பைக்குள் அடங்கும் அந்தச் சின்ன நோட்டு. அதில் அவள் முதல் பக்கத்தில் எழுதிய கேள்விகளை, இரண்டாவது பயிற்சிக்கூடத்துக்குப் போனபோது ஒவ்வொன்றாக வாசித்தே கேட்டாள். ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை பிள்ளை? நாளுக்கு எத்தனை நிமிடம் தடத்தில்? டயரும் பெட்ரோலும் கட்டணத்துக்குள் சேர்த்தியா? மோதினால் யார் பொறுப்பு? காப்புறுதி உண்டா? ஓட்டிய சுற்றுகளின் கணக்கை எங்களிடம் கொடுப்பீர்களா? கடைசிக் கேள்விக்குத்தான் அந்த ஆள் நிமிர்ந்து பார்த்தார். "கொடுக்கிறோம். ஆனால் வாங்கிக்கொண்டு போய் நீங்கள் என்ன செய்வீர்கள்?" என்றார். நல்ல கேள்வி. எங்களிடம் பதில் இல்லை.

செலவில் பெரியது டயர். ஒரு செட் கார்ட் டயர் வாங்கும் காசில் என் பட்டறையில் நாலு மோட்டாருக்கு முன்னும் பின்னும் மாற்றிவிடலாம். மோட்டார் டயர் வருடக்கணக்கில் ஓடும், இது ஒரு சனி ஞாயிறில் முடிந்துவிடும். பழைய டயரில் பழகு, புது டயரைப் பந்தயத்துக்கு வை என்பது எங்கள் வழக்கமாகிவிட்டது. வசதியான பிள்ளைகள் பயிற்சிக்கே புது டயர் போட்டு வருவார்கள். நேரப் பலகையில் அவர்கள் மேலே இருப்பதைப் பார்த்துப் பாப்பா முகம் சுருங்கும். அவளுக்கு அதைப் புரிய வைக்க எனக்கு ஒரு வருடம் பிடித்தது. எனக்கே புரிய அதில் பாதி.

சரி, என்னதான் சொல்லிக் கொடுக்கிறார்கள்? முதல் மாதம் பெரும்பாலும் நடை. விடியற்காலை, வெயில் ஏறுமுன், பிள்ளைகளை வரிசையாகத் தடத்தில் நடக்க வைத்தார் கோச். வளைவுக்கு முன் நிற்க வைத்து, குந்தச் சொன்னார். கார்ட்டில் உட்கார்ந்தால் கண் தரைக்குப் பக்கத்தில் வந்துவிடும். நின்று பார்த்தால் தெரியும் வளைவின் முடிவு குந்தினால் தெரியாது. தாரைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். சக்கரங்கள் போகும் கோட்டில் ரப்பர் ஒட்டிக் கறுத்து வழவழப்பாக இருந்தது. வெயிலில் அங்கேதான் பிடிப்பு. மழை பெய்தால் அதே இடம் சோப்புத் தண்ணீர், அப்போது அந்தக் கோட்டை விட்டு வெளியே சுற்றி ஓட்ட வேண்டும். மாலை மூன்று மணிக்கு மேல் எந்த நிமிடமும் கொட்டும் நம் ஊரில், இதைத் தெரிந்துகொண்ட பிள்ளை பாதி ஜெயித்த மாதிரி.

நடந்து முடிந்ததும் வெள்ளைத் தாள் கொடுத்துத் தடத்தை நினைவிலிருந்து வரையச் சொன்னார். பாப்பா வரைந்த தாளை இன்றும் வைத்திருக்கிறேன். முதல் வளைவில் விளக்குக் கம்பம் இருக்கிறது, சுவரில் இருந்த விளம்பரத்தின் நிறம் இருக்கிறது, ஓர் ஓரத்தில் இரண்டு மைனா கூட இருக்கிறது. மூன்றாம் வளைவுக்கும் ஐந்தாம் வளைவுக்கும் நடுவில் வெறும் கோடு. கோச் அந்த இடத்தில் விரலை வைத்து, "இங்கே நீ கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுகிறாய்" என்றார். நேரக் கணக்கை எடுத்துப் பார்த்தால் அவள் சுற்றுக்கு அரை வினாடி இழப்பது சரியாக அங்கேதான்.

இனி என் சங்கதிக்கு வருகிறேன். லாரி, காடி (கார்) எல்லாவற்றிலும் என்ஜின் சுற்றும் அச்சில் டிஃபரன்ஷியல் இருக்கும். திரும்பும்போது உள்பக்கச் சக்கரம் மெதுவாகவும் வெளிப்பக்கச் சக்கரம் வேகமாகவும் சுற்ற அது வழிவிடும். கார்ட்டில் அது கிடையாது. ஒரே இரும்புத் தண்டில் இரண்டு சக்கரமும் இறுகியிருக்கும். அப்புறம் எப்படித் திரும்புகிறது? ஸ்டியரிங்கைத் திருப்பும்போது கார்ட்டின் இரும்புச் சட்டம் லேசாக முறுக்கிக்கொண்டு, உள்பக்கப் பின்சக்கரம் தரையை விட்டு ஒரு நூல் தூக்கும். தூக்கினால் திரும்பும், தூக்காவிட்டால் நேராக இழுத்துக்கொண்டு போகும். ஸ்பிரிங் என்று ஒன்று இல்லாத வண்டியில், ஓட்டுபவரின் உடம்பும் இருக்கையுமே ஸ்பிரிங். இருக்கையை ஒரு விரற்கடை பின்னால் நகர்த்தினால் வேறு வண்டி ஆகிவிடும். வளரும் பிள்ளைக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை எல்லாவற்றையும் மறுபடி அளக்க வேண்டும். தீபாவளிச் சட்டை மாதிரி.

எடையும் அப்படித்தான். ஓட்டுபவரையும் சேர்த்துக் குறைந்தபட்ச எடை என்று ஒரு விதி உண்டு. பந்தயம் முடிந்ததும் வண்டியோடு தராசில் ஏற்றிப் பார்ப்பார்கள், கொஞ்சம் குறைந்தாலும் ஓட்டியது வீண். பாப்பா ஒல்லி. இருக்கையில் ஈயக்கட்டி வைத்து போல்ட் போட்டோம். "சோறு போட்டா ஏறாத எடையை ஈயம் போட்டு ஏத்துறீங்க" என்றாள் என் தங்கை. ஈயத்தை எங்கே வைக்கிறோம் என்பதற்கு ஏற்ப வண்டியின் குணமே மாறும் என்பது எனக்கு அங்கே போய்த்தான் தெரியும்.

இவ்வளவும் படித்துக்கொண்ட மிதப்பில் நான் செய்த வேலை ஒன்று உண்டு. என்ஜின் ரோட்டாக்ஸ், ஆஸ்திரியாவில் செய்வது. 125 சிசி, இரண்டு ஸ்ட்ரோக், தண்ணீரில் குளிர்வது. எல்லாருக்கும் ஒரே சக்தி இருக்க வேண்டும் என்பதால் என்ஜினுக்கு முத்திரை வைத்திருப்பார்கள். அனுமதி பெற்ற மையம் தவிர யாரும் திறக்கக் கூடாது. இருபத்திரண்டு வருட மெக்கானிக்குக் கை எவ்வளவு அரிக்கும் என்று நினைத்துப் பாருங்கள். தொட விடுவது கார்புரேட்டர் ஜெட் (என்ஜினுக்குள் எவ்வளவு பெட்ரோல் போகும் என்பதை முடிவு செய்யும் சின்னத் துளை) மாதிரி சிலது மட்டும். ஒரு சனிக்கிழமை மதியம், கொளுத்தும் வெயில். சூட்டில் காற்று லேசாகிவிடும், அதற்கு ஏற்றபடி சின்ன ஜெட் போட்டேன். வண்டி பறந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. ராத்திரி மழை. மறுநாள் காலை குளிர்ந்த காற்று, அதாவது கனத்த காற்று. பெரிய ஜெட் மாற்ற வேண்டும். அங்கிருந்த இளம் மெக்கானிக், "பாங் (அண்ணா), ஜெட் மாற்றவில்லையா?" என்று கேட்டான். "நேற்று நன்றாகத்தானே ஓடியது" என்றேன். மூன்றாவது சுற்றில், நேர்ப்பாதையின் முடிவில், பெட்ரோல் போதாமல் சூடேறி, பிஸ்டன் சிலிண்டருக்குள் பிடித்துக்கொண்டது. பின்சக்கரம் இரண்டும் பூட்டிக்கொண்டு வண்டி சுழன்று புல்லில் போய் நின்றது. பாப்பாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. விலா எலும்புக்குக் கவசம் போட்டிருந்தாள், அதை மட்டும் எந்தப் பழகும் நாளிலும் விட்டுவிடாதீர்கள்.

தங்கை நோட்டில் அந்த வாரக் கணக்கு ஒரு பக்கத்துக்கு வந்தது. எதிரே காரணம் என்று ஒரு கட்டம் போட்டு, "அண்ணன்" என்று மட்டும் எழுதியிருந்தாள்.

அன்று வீட்டுக்குத் திரும்பும்போது பாப்பா வண்டியில் சொன்ன ஒரு விஷயம்தான் என்னை மாற்றியது. "மாமா, ரெண்டாவது சுத்துலேயே சத்தம் மாறுச்சு. கூர்மையா, காய்ஞ்ச மாதிரி கேட்டுச்சு." பெட்ரோல் குறைவாகப் போகும் என்ஜினின் சத்தத்தை இதைவிட நன்றாக நானே சொல்லியிருக்க மாட்டேன். ஏன் அப்போதே சொல்லவில்லை, கையைத் தூக்கி ஓரம் கட்டியிருக்கலாமே என்று கேட்டேன். "அதை எப்படிச் சொல்றதுன்னு தெரியல" என்றாள்.

யோசித்துப் பார்த்தால் முதல் நாளிலிருந்தே இதுதான் நடந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு முறையும் அவள் உள்ளே வந்ததும் எஞ்சினியர் கேட்பார், வண்டி எப்படி இருக்கிறது? இவள் "ஓகே" என்பாள். பயிற்சி நடப்பது ஆங்கிலத்திலும் மலாயிலும். தமிழ்ப்பள்ளிப் பிள்ளை, கூச்சம் வேறு. உடம்பில் எல்லாம் தெரிகிறது, வாயில் வரவில்லை. "ஓகே"யை வைத்துக்கொண்டு எந்த ஸ்பேனரைத் திருப்புவது? பக்கத்துக் கொட்டகைப் பிள்ளைகள் ஆங்கிலத்தில் பொரிந்து தள்ளுவார்கள். அதில் பாதி, அப்பாமார் சொல்லிக் கொடுத்த வசனம். ஆனால் வேலை நடந்துவிடும்.

அடுத்த நாள் நான் ஒரு 555 நோட்டு வாங்கி அவளிடம் கொடுத்தேன். இது உன் நோட்டு, தமிழிலேயே எழுது, எப்படித் தோன்றுகிறதோ அப்படி எழுது என்றேன். முதலில் வந்தது கலவை. "முன்பக்கம் பேச்சு கேக்கல." "பின்னால வால் ஆட்டுது." "பிரேக் போட்டா நொண்டுது." "மேட்டுல துள்ளுது, அப்பா லாரி மாதிரி." சனிக்கிழமை ராத்திரி பட்டறையில் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் பிரித்தோம். பேச்சு கேட்கவில்லை என்றால் திருப்பும்போதா, திருப்பிய பிறகா? முதல் சுற்றிலா, கடைசிச் சுற்றுகளிலா? வலப்பக்க வளைவிலா, இடப்பக்கத்திலா? இந்த மூன்று கேள்விக்கும் பதில் இருந்தால் எந்த மொழியில் சொன்னாலும் எஞ்சினியருக்குப் புரியும். முன்பக்கம் திரும்பாமல் பேச்சு கேட்காததற்கு அண்டர்ஸ்டியர், பின்பக்கம் வழுக்கி வால் ஆட்டுவதற்கு ஓவர்ஸ்டியர் என்று பக்கத்தில் எழுதி வைத்தோம். முதலில் தமிழில் உணர்ந்து, பிறகு அந்தச் சொல்லைத் தேடி எடுத்தாள். தலைகீழாகச் செய்த பிள்ளைகள் சொல்லை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ஆறு மாதத்தில் அவள் நேரம் இறங்கியது, ஆனால் அது பெரிதில்லை. ஒரு நாள் எஞ்சினியர் காற்றழுத்தத்தைக் கூட்டப் போனபோது, "வேண்டாம், கடைசி நாலு சுற்றில்தான் வழுக்குகிறது, டயர் சூடாகிவிடுகிறது" என்று மலாயில் சொல்லி நிறுத்தினாள். பத்து பிஎஸ்ஐ அளவில் காற்று வைக்கும் டயரில் ஒரு பிஎஸ்ஐ என்பது பெரிய சங்கதி. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தேன். அங்கே நிற்பதும் ஒரு பயிற்சிதான். ஓட்டி முடித்துப் பிள்ளை இறங்கியதும் பத்து நிமிடம் பெற்றோர் வாய் திறக்கக் கூடாது என்று அந்தக் கூடத்தில் சட்டமே போட்டிருக்கிறார்கள். முதலில் எனக்குக் கோபம் வந்தது. பிறகு பக்கத்தில் ஒரு தந்தை ஹெல்மெட்டைக் கழற்றும் முன்பே பையனைத் திட்டுவதைப் பார்த்தேன். அந்தப் பையன் ஹெல்மெட்டைக் கழற்றவே இல்லை.

கனவைப் பற்றியும் கேட்பீர்கள். அலெக்ஸ் யூங் 2001இல் மினார்டி அணியில் ஓடினார், ஃபார்முலா 1 ஓட்டிய முதல் மலேசியர். கோயம்புத்தூர் நாராயண் கார்த்திகேயன் 2005இல் ஜோர்டான் அணியில் ஓடினார். அவர் அப்பாவும் ராலி ஓட்டியவர் என்று நான் சொன்னதும், "எங்க அப்பா குலை லாரிதானே" என்றாள் பாப்பா. அவள் அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே, "அதுல சக்கரம் ஜாஸ்தி" என்றார்.

கார்ட்டுக்கு அடுத்த படி ஃபார்முலா 4, அப்புறம் 3, 2. ஃபார்முலா 1 ஓட்ட வேண்டுமானால் மூன்று வருடத்தில் 40 புள்ளி சேர்த்து சூப்பர் லைசென்ஸ் வாங்க வேண்டும். பெண்களுக்கென்று எஃப்1 அகாடமி என்ற பந்தயத் தொடர் 2023இல் தொடங்கியது. பிலிப்பைன்ஸ் பெண் பியான்கா புஸ்தமாந்தே அதில் ஓடி, அதே வருடம் மெக்லாரனின் இளம் ஓட்டுநர் திட்டத்தில் சேர்ந்தார். அந்தத் திட்டத்தின் முதல் பெண் அவர்தான். நம் பக்கத்துப் பிள்ளை என்று பாப்பா அவர் படத்தை அலமாரிக் கதவில் ஒட்டி வைத்திருக்கிறாள். அந்தத் தொடரின் முதல் வருடத்தில் ஓட்டுநர் கொண்டுவர வேண்டிய பங்கு 150,000 யூரோ, இன்னொரு அவ்வளவு ஃபார்முலா 1 நிறுவனம் போட்டது. என் தங்கை வெள்ளிக்கு (ரிங்கிட்) மாற்றிப் பார்த்தாள். ஏழு லட்சத்துக்கு மேல் வந்தது. நோட்டை மூடிவிட்டுத் துணி காயப்போடப் போய்விட்டாள்.

அதனால் வருடத்துக்கு மூன்று பந்தயம், மாதத்துக்கு ஒரு பழகும் நாள் என்று முடிவு செய்திருக்கிறோம். கடன் வாங்குவதில்லை, தங்கையின் நகையைத் தொடுவதில்லை. தேர்வு மாதத்தில் தடத்துப் பக்கம் போவதில்லை. உங்கள் வீட்டுப் பிள்ளை கேட்டால், முதலில் பத்து முறை வாடகை கார்ட் ஓட்ட விடுங்கள். பதினோராவது முறையும் கேட்டால் பயிற்சிக்கூடத்தைத் தேடுங்கள். சொந்த கார்ட் முதல் வருடத்தில் வேண்டாம். வாங்கினால் பழையது போதும், ஆனால் சட்டத்தில் விரிசல் இருக்கிறதா என்று அடியில் படுத்துப் பாருங்கள். தண்ணீர் விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. அந்த உடுப்புக்குள் பிள்ளை வெந்துபோகும். முந்தின நாள் ராத்திரியிலிருந்தே குடிக்க வையுங்கள்.

என் பட்டறைக்கு வரும் பையன்கள், ராத்திரி தோட்டத்துச் சாலையில் பறக்கிறவர்கள், பாப்பாவின் படத்தைச் சுவரில் பார்த்துவிட்டு, "அண்ணே, எவ்வளவு வேகம் போகும்?" என்பார்கள். நானும் அவர்கள் வயதில் அந்தச் சாலையில் பறந்தவன்தான், முழங்காலில் தழும்பு இருக்கிறது. வேகத்தைச் சொல்வதில்லை. நோட்டை எடுத்துக் காட்டுவேன். இரண்டு பக்கம் புரட்டிவிட்டுக் கொடுத்துவிடுவார்கள். ஒருவன் மட்டும் போன மாதம் உட்கார்ந்து முழுவதும் படித்தான். "வால் ஆட்டுறதுன்னா என்ன?" என்று கேட்டான். இப்போது சனிக்கிழமைகளில் எங்களோடு வந்து டயருக்குக் காற்றுப் பார்க்கிறான்.

போன ஞாயிறு அவள் எழுதியது, இது ஆறாவது நோட்டு:

"காலை வெயில் இல்லை. பெரிய ஜெட். 3ஆம் வளைவு வலப்பக்கம், கடைசி 5 சுத்து முன்பக்கம் பேச்சு கேக்கல. முன் காத்து 1 குறைச்சோம். கேட்டுச்சு. 4ஆம் வளைவுல ஒரு சின்ன மேடு இருக்கு, இதுவரைக்கும் பார்த்ததே இல்ல. மாமா பத்து நிமிஷம் பேசல."